பதினேழாம் பேட்ச்சின் தண்ணீர்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்குப் போன் போட்டு, "சார், அந்தப் பதினேழாம் பேட்ச் கதை நெசமா?" என்று கேட்கிறீர்கள். பேட்ச் நிஜம். கேன்டீனில் உங்களுக்குச் சொல்கிற கதைதான் பொய். ஒரு கேட்டலிஸ்ட் இரண்டு நாள் சோர்வில்லாமல் வேலை செய்ததாம், அதைச் செய்த அம்மா ரீடிங்கைத் தப்பாக எடுத்துவிட்டாராம், அதனால்தான் அப்புறம் எத்தனை முறை செய்தும் வரவில்லையாம். அந்தக் கதையை முதன்முதலில் சொன்னவன் நான். ரிட்டயர் ஆகிச் சிதம்பரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவன் தன் பழைய பொய்யையாவது திருத்த வேண்டாமா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் விழிக்கக் கூடாது என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரொப்பேன் வாயுவிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் புரொப்பிலீன் கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சாக்குப்பை வரை பலதும் அதிலிருந்து வருபவை. பிடுங்குகிற வேலையைச் செய்வது பிளாட்டினம், அதுதான் கேட்டலிஸ்ட், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வினையூக்கி. சிலிக்கா என்ற வெள்ளைப் பொடியை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, அதன்மேல் துளியூண்டு பிளாட்டினத்தை ஏற்றி, அடுப்பில் நன்றாகக் காய வைத்து, வாயுவை அதன் வழியாக விடுவோம். பிளாட்டின அணுக்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும்வரை வேலை ஒழுங்காக நடக்கும். சூட்டில் அவை மெல்ல நகர்ந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகிவிடும். கும்பலானால் கரி படியும். ஆறு மணி நேரத்தில் வெள்ளையாக உள்ளே போன பொடி அடுப்புக்கரியாக வெளியே வரும். ஒவ்வொரு அணுவையும் அதனதன் இடத்தில் நகராமல் உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. உலகத்தில் பெரிய பெரிய இடங்களில் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தகரக்கூரை லேபில் நாங்கள் மூன்று பேரும் உடைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று பேர் என்றால் எங்கள் ஹெட், ஸ்டெல்லா, நான். ஹெட் நல்ல மனுஷர், அவசரக்காரர். ஸ்டெல்லாவுக்கு அப்போது முப்பத்தாறு வயதிருக்கும். புவனகிரிக்காரர். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாது என்பதால், அவர் படிப்புக்குக் குறைந்த வேலையாக இருந்தும் எங்கள் லேபில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். அடுத்த ரிவ்யூவில் நல்லபடியாக ஏதாவது காட்டினால் நிரந்தரம் செய்துவிடலாம் என்று ஹெட் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் கான்ட்ராக்டும் கிடையாது. இது எங்கள் மூவருக்குமே தெரியும்.

எனக்கு நாற்பத்தாறு. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் சொந்தக்காரர்கள் கேட்பதையே விட்டுவிட்ட வயது. காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் புவனகிரி. அங்கே ஸ்டெல்லா முன்படியில் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்காருவார். நான் இரண்டு வரிசை பின்னால். திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு, பிறகு சிப்காட் வரும்வரை பேச்சு கிடையாது. அந்த முக்கால் மணி நேரம்தான் என் நாளிலேயே நல்ல பகுதி. இதை அன்று யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

ஸ்டெல்லாவின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எழுதுவார். எடை, சூடு, நேரம் மட்டுமில்லை. "இன்று கடல் காற்று, பொடி கொஞ்சம் ஈரம்" என்று எழுதுவார். "ஹெட் நடுவில் ஜன்னலைத் திறந்தார்" என்றுகூட எழுதுவார். ஹெட் ஒரு தடவை அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கேட்டலிஸ்ட் செய்யறியா டைரி எழுதறியா?" என்றார். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே, "எது தேவைப்படும்னு இப்பவே தெரியாதே சார்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே போன கரண்ட் மத்தியானம்வரை வரவில்லை. எங்கள் ஜெனரேட்டர் ரியாக்டருக்கு மட்டும்தான் தாங்கும், தண்ணீர் காய்ச்சி வடிக்கிற ஸ்டில்லுக்குத் தாங்காது. டிஸ்டில்டு வாட்டர் வைக்கிற பெரிய கேன் காலி. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வருகிறார், அவர் கண்முன்னால் ஒரு ரன் ஓட்டிக்காட்ட வேண்டும். அதற்குப் பதினேழாம் பேட்ச்சின் சிலிக்காவை அன்றே கழுவிக் காய வைத்தாக வேண்டும்.

"சனிக்கிழம கழுவுனா காயாது சார்," என்றார் ஸ்டெல்லா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. முகம் வாடிப்போயிருந்தது. அவருக்கு அந்தத் திங்கட்கிழமை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

"நான் போய் வாங்கியாறேன்," என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கடையில் கிடைக்கும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று லேபுகளில் அதை வாங்குவதுண்டு.

கடலூர் பழைய நகரத்தில், ஓ.டி. என்போமே, அங்கே ஒரு பேட்டரிக் கடை. பாட்டில் தீர்ந்துவிட்டதாம். கடைக்காரர் என் கையிலிருந்த கேனைப் பார்த்தார். "பின்னாடி டிரம்முல இருக்கு சார். அதே தண்ணிதான். கேனக் குடுங்க." பின்கட்டில் ஒரு நீல டிரம் இருந்தது. அதற்குள் ஒரு பச்சை ஓஸ் பைப் போயிருந்தது. அந்த ஓஸின் மறுமுனை எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். சுவரோரமாக இருந்த போர்வெல் பம்ப்பின் பக்கமாகத்தான் போனது. கடைசிவரை தொடர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். வெளியே சிப்காட் வழியாகப் போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "சார், ஏர்றதுன்னா ஏறுங்க," என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஏறிவிட்டேன்.

லேபுக்குள் நுழைந்ததும் ஸ்டெல்லா ஓடிவந்து கேனை வாங்கினார். "டிஸ்டில்டுதானே சார்?"

"ஆமா, ஆமா."

"பாட்டில்ல குடுக்கலியா?"

"மொத்தமா வாங்குனா கேன்லதான் ஊத்துவாங்க," என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிலிக்காவைக் கழுவப் போனார். தெரியலை என்று சொல்லியிருக்கலாம். டிரம்மிலிருந்து பிடித்தேன், சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்காக ஒன்றை வாங்கிவரக் கிளம்பியவன், வெறுங்கையோடு வந்து நிற்பது மாதிரி நிற்க எனக்கு மனசு வரவில்லை. அந்த முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பார்த்தேன்.

திங்கட்கிழமை டைரக்டர் வந்தார். ஆறு மணி நேரம் ஆனது, கேட்டலிஸ்ட் சோரவில்லை. எட்டு மணி நேரம் ஆனது, இறங்கவில்லை. டைரக்டர் ஹெட்டின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். நானும் ஸ்டெல்லாவும் மாற்றி மாற்றி, வெளியே வரும் வாயுவை அளந்து காட்டுகிற ஜி.சி. மெஷின் முன்னால் உட்கார்ந்து பிரிண்ட் எடுத்தோம். பாதிக் காகிதங்களில் அவர் கையெழுத்து, பாதியில் என் கையெழுத்து. இதை மறந்துவிடாதீர்கள். இரண்டு நாள் அப்படியே ஓடியது. நிறுத்தி, ஆறவைத்து, குழாயைக் கவிழ்த்தால் பொடி கரியாக இல்லை. விபூதி நிறத்தில் கொட்டியது.

ஸ்டெல்லா அதைக் கரண்டியில் ஏந்திப் பார்த்தார். "சாம்பல் புதன்ல சர்ச்சுல பூசுற சாம்பல் மாதிரி இருக்கு சார்," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பும் இருந்தது. வழக்கமாகப் பெண்கள் அறைக்குப் போய்ச் சாப்பிடுகிறவர் அன்று மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடியில் எலுமிச்சை சாதத்தை வைத்து என் பக்கம் நகர்த்தினார். எத்தனையோ கல்யாண விருந்து சாப்பிட்டிருக்கிறேன். நாக்கில் நிற்பது அந்த மூடிச் சாதம்தான்.

பதினெட்டாம் பேட்ச் ஆறு மணி நேரத்தில் கரியானது. பத்தொன்பதும் அப்படியே. இருபத்தொன்பதுவரை செய்தோம். அதே சிலிக்கா, அதே பிளாட்டினம், அதே அடுப்பு, அதே கைகள். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து வேலை செய்ததால் தண்ணீர் மட்டும் எங்கள் சொந்த ஸ்டில்லிலிருந்து. நாலு மாதம் போனது. ஸ்டெல்லா மெலிந்துபோனார்.

ஒரு சாயங்காலம் சிப்காட் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டார். "சார், அந்தக் கேன் தண்ணி எந்தக் கடையில வாங்குனீங்க? ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கை மறைக்கக் கோபம் வந்தது. "தண்ணியில இன்னா இருக்கப்போவுது ஸ்டெல்லா? டிஸ்டில்டுன்னா டிஸ்டில்டுதான். நீங்க உங்க எடையெல்லாம் சரியா போட்டீங்களான்னு பாருங்க."

"சரி சார்," என்றார். அப்புறம் கேட்கவில்லை.

இங்கே நீங்கள் என்னைப் பொய்யன் என்று மட்டும் நினைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. அதைவிட மோசமான ஒரு முட்டாள்தனமும் இருந்தது, அது நம் தொழில் ஆட்களுக்கு மட்டுமே வருவது. அழுக்கு என்றால் கெடுதல் என்று நாம் பழகிவிட்டோம். தண்ணீர் கெட்டதாக இருந்தால் பேட்ச்சும் கெட்டிருக்க வேண்டும், பேட்ச் பிரமாதமாக வந்ததே, ஆகவே தண்ணீர் நல்ல தண்ணீர்தான், கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இப்படிக் கணக்குப் போட்டு என் பொய்யை நானே உண்மையாக்கிக்கொண்டேன். கெட்ட தண்ணீரால் ஒன்று நன்றாக வரலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தோன்றியிருக்கிறது.

ரிவ்யூ நாள். டைரக்டர், ஹெட், நான், ஸ்டெல்லா. டைரக்டர் பழைய பிரிண்ட் கட்டைப் புரட்டிவிட்டு நேராக என்னைக் கேட்டார். "நீங்க சீனியர். சொல்லுங்க. இந்த ரீடிங்க நம்பலாமா கூடாதா?"

நம்பலாம் என்றால் அடுத்த கேள்வி, பின் ஏன் திரும்ப வரவில்லை என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. தலைமை அலுவலகம் லேபையே மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். பயந்துபோனேன். "ரன் ஸ்டெல்லாவோடது சார். எங்கியாவது தப்பு நடந்திருக்கலாம்," என்றேன்.

ஸ்டெல்லா மடியில் நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்து மூடியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பிரிண்ட் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் அவரிடம், "நீங்க எதாவது சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்," என்று ஸ்டெல்லா விரலை எடுத்துவிட்டார்.

அந்த மாசக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம் அதே பஸ். புவனகிரியில் இறங்கும்போது வழக்கம்போலத் திரும்பித் தலையசைத்து, "வர்றேன் சார்," என்றார். மறுநாள் காலை புவனகிரியில் பஸ் நின்றபோது முன்படியைப் பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கும் மேல் தினமும் பார்த்தேன். அவர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட பிறகும் பார்த்தேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. கரண்ட் கட் முன்னைவிட ஜாஸ்தியாகி, ஊரே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்த காலம். நானும் வைத்தேன். ஒரு வருஷத்துக்குள் பேட்டரி செத்துப்போனது. பார்க்க வந்த மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், கடல் தண்ணிய ஊத்துனீங்களா? உள்ள பிளேட்டெல்லாம் போச்சு."

"டிஸ்டில்டு வாட்டர்தானே ஊத்துனேன்."

"எங்க வாங்குனீங்க?"

ஓ.டி.யில், லேபிலிருந்து ஒரு வேலையாக அங்கே போனபோது, என்றேன். அதே கடை. கேனில் வாங்கியது. "அவுங்க போர் தண்ணியப் புடிச்சி ஊத்துறவுங்க சார். அந்தப் பக்கம் போர்ல உப்புதான் வரும்," என்றார் அவர். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேட்டரிக்காக உட்கார்ந்தேன் என்று நினைத்து அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் லேபுக்குப் போய்ப் பழைய பீரோவிலிருந்து ஸ்டெல்லாவின் நோட்டை எடுத்தேன். அவர் போன பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை. மற்ற பேட்ச்சுகளுக்கெல்லாம் "தண்ணீர்: நம் ஸ்டில்" என்றிருந்தது. பதினேழில், "தண்ணீர்: சார் வெளியே வாங்கிவந்த கேன். டிஸ்டில்டு என்று சார் சொன்னார்." அதன் கீழே வேறு மையில், பிற்பாடு எழுதியது: "இதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை."

ரிவ்யூவில் அவர் விரல் வைத்திருந்த பக்கம் அது.

அதே கடைக்குப் போனேன். அதே நீல டிரம். இந்தத் தடவை ஓஸைக் கடைசிவரை தொடர்ந்து பார்த்தேன், போர் பம்ப்பில் போய் முடிந்தது. அந்தத் தண்ணீரையே ஒரு கேன் பிடித்து வந்து, முப்பதாம் பேட்ச்சை நானே கழுவினேன். இரண்டு நாள் ஓடியது. பதினேழில் மிச்சமிருந்த பொடியையும் முப்பதையும் சோதித்தபோது இரண்டிலும் சோடியம் இருந்தது. இருபத்தொன்பதில் இல்லை. உப்பிலிருந்து சிலிக்காவில் ஏறிய சோடியம்தான் பிளாட்டின அணுக்களை அதனதன் இடத்தில் பிடித்து உட்காரவைத்திருந்தது. ஹெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிரம்மையும் ரிவ்யூவையும் சேர்த்து. ஸ்டெல்லாவின் பெயரை முதலில் போட்டு ரிப்போர்ட் எழுதி அனுப்பினோம். தலைமை அலுவலகம் அதற்குள் அந்த வேலையையே கைவிட்டிருந்தது. நன்றி சொல்லி ஃபைலில் போட்டார்கள்.

ஸ்டெல்லா வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு மத்தியானம் போனேன். ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். நான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிவப்புப் பேனாவின் மூடியைப் போடாமல் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்த அன்னைக்கே தெறந்து காட்டியிருந்தா உங்க வேல போயிருக்காதே," என்றேன்.

"காட்டலாம்னுதான் எடுத்தாந்தேன் சார். காட்டுனா நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆவும். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு, "பொடி இன்னா கலர்ல வந்துச்சு சார்?" என்று கேட்டார். அப்போது மட்டும் குரலில் பழைய ஸ்டெல்லா இருந்தார்.

சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதே சாம்பல்," என்றார். என்னைக் கேட்காமலே அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மணி அடித்தது. "கிளாஸ் இருக்கு சார், வர்றேன்," என்று எழுந்து போனார்.

இன்னொன்றும் கேட்கத்தான் போயிருந்தேன். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கச் சிதம்பரத்திலிருந்து வடலூர்வரை பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் பெயரைக் கெடுத்த வாயால் அதைக் கேட்க முடியவில்லை. அப்படியே திரும்பிவந்தேன். இன்றைக்கும் அந்த ஆசை போகவில்லை.

நீங்கள் இப்போது எழுதுகிற லேப் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் "எங்கிருந்து, யார் கொண்டுவந்தது, அவருக்கு நிச்சயமாகத் தெரியுமா" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கிழவன் வைத்துவிட்டுப் போன தொல்லை என்று அதில் கோடு இழுத்துவிட்டுப் போகிறீர்களாம், காதுக்கு வந்தது. அந்தக் கட்டம் என்னுடையதில்லை, ஸ்டெல்லாவுடையது. கோடு இழுக்காதீர்கள். நாளைக்கு உங்கள் கையிலிருக்கும் கேனைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த ஒருவர், "டிஸ்டில்டுதானே?" என்று ஆசையாகக் கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நான் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், மறுநாள் காலையும் அதற்கு மறுநாள் காலையும் புவனகிரியில் ஸ்டெல்லா பஸ் ஏறியிருப்பார்.